படிக்காதே என்றாலும் படிக்கும் மூளை: வாசகர் கேள்விகள்

‘சிவப்பு’ என்று பச்சை மையில் எழுதி, மை நிறம் என்ன என்று கேட்டேன். மூன்றாம் வகுப்பு மகள் டக்கென்று சொல்கிறாள், நான்தான் திணறுகிறேன். ஏன்? (குரோம்பேட்டை)

நீங்கள் சரளமாகப் படிப்பதால்தான். சொல்லைப் பார்த்த கணமே பொருள் முந்திக்கொள்கிறது. மையின் நிறப்பெயர் பின்னால் வந்து அதனுடன் மோதுகிறது. 1935இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இந்த மோதல் குறைவு. ஆங்கில வழியில் படிக்கிறாள் என்றால் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுங்கள், அவளும் தடுமாறக்கூடும்.

ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். நான்கு ஸ்கெட்ச் பேனா, இரண்டு தாள் போதும். முதல் தாளில் 20 நிறக் கட்டங்கள். இரண்டாவதில் அதே நிற வரிசையில், மைக்குப் பொருந்தாத 20 நிறப்பெயர்கள். இரண்டிலும் மையின் நிறத்தை மட்டும் வரிசையாகச் சொல்லவைத்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. மஞ்சள் பேனாவைத் தவிருங்கள், வெள்ளைத் தாளில் எழுத்து சரியாகத் தெரியாது. தவறினால் திருத்திச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும். இல்லையென்றால் வேகமாக உளறியவரே ஜெயிப்பார். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. தாள்களின் வரிசையை மாற்றி இன்னொரு முறையும் செய்யுங்கள். பிள்ளைகள் கண்ணை இடுக்கி எழுத்தை மங்கலாக்கிக்கொள்வார்கள், கவனம்!

பூக்கடையில் ‘மாலை’ என்று கேட்டால் சாயங்காலமும் மனதில் வருமா? (மயிலாப்பூர்)

நீங்கள் உணராமலே வந்து போகலாம். ஆங்கில இருபொருள் சொற்களை வைத்து உளவியலாளர் ஸ்வின்னி 1979இல் சோதித்தார். சொல் காதில் விழுந்த உடனே, சூழலுக்குப் பொருந்தாத பொருளும் விழித்திருந்தது. மூன்று அசை தள்ளிச் சோதித்தபோது பொருந்தியது மட்டுமே மிஞ்சியது. சூழல் மிக வலுவாக இருந்தால் மற்றது எழுவதே அரிது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு.

தயிர், நெய், வெண்ணெய், பனீர், மோர் வாங்கிவரச் சொன்னார் மனைவி. பாலும் சொன்னதாகச் சத்தியம் செய்வேன், அவர் இல்லை என்கிறார்! (அம்பத்தூர்)

அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று தோன்றுகிறது. ஐந்து சொற்களும் ஒரே சொல்லைத் தூண்டுகின்றன. அது உள்ளே எழுந்ததா, காதில் விழுந்ததா என்பது பிறகு பிரித்தறிய முடியாமல் போகிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995இல் இத்தகைய 12 சொற்கள் கொண்ட பட்டியல்களைப் படித்துக் காட்டியபோது, சொல்லப்படாத அந்த மையச் சொல்லைச் சராசரியாக 40 சதவீத முறை மக்கள் ‘நினைவுகூர்ந்தார்கள்’. உறுதியாக ஞாபகம் இருக்கிறது என்பது சாட்சியாகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

தியேட்டர் திரையில் நொடிப்பொழுது வாசகம் காட்டி பாப்கார்ன் விற்றார்களாமே? (வடபழனி)

1957இல் விக்கரி என்ற அமெரிக்க விளம்பரக்காரர் விட்ட கதை. பிறகு அவரே பின்வாங்கினார். 50 மில்லிவிநாடி காட்டி மறைத்த சொல், தொடர்புள்ள அடுத்த சொல்லைக் கொஞ்சம் விரைவாக அடையாளம் காண உதவும். அந்த விளைவு சீக்கிரமே மங்கிவிடும், இடைவேளை வரை தாங்காது.