கார் பழுது: கேள்வி பதில்

கேள்வி: காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் இருக்கும் காரை வைத்தே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள ஆசை. முதலில் படிப்பதா, நேராகக் கையை வைத்துவிடுவதா?

பதில்: இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாத நேரம்தான் இதற்குத் தோதான நேரம், ஏனென்றால் அவசரமில்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தால் எப்படித் தெரியும், எப்படிச் சத்தம் வரும் என்று கண்ணும் காதும் பழகிக்கொள்ளும். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த கிரேடு ஆயில், எவ்வளவு பிடிக்கும், எந்த ஃபியூஸ் எதற்கு என்று படித்துவிட்டு, உடனே பானட்டைத் திறந்து அதே இடங்களைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் ஒரு சக்கரத்தைக் கழற்றுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஒரு நிமிஷம்கூட. சக்கரம் வெளியே வந்ததும் பார்க்க நிறைய இருக்கிறது: பிரேக் பேடில் எவ்வளவு மிச்சம், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருக்கிறதா, ஆக்ஸில் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கிறதா. திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேடு சொல்லும் அளவில் முடியுங்கள்.

கேள்வி: சில நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை, 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. ஒருவர் பேட்டரி என்கிறார், ஒருவர் செல்ஃப் மோட்டார் என்கிறார், வீடியோவில் ஆல்டர்னேட்டர் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மல்டிமீட்டர், அதாவது வோல்ட் அளக்கும் சின்ன மீட்டர், சொல்வதைக் கேளுங்கள். மூன்றுமே நடக்கக்கூடியதுதான் (செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்வது, ஆல்டர்னேட்டர் இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), ஆனால் அவர்களில் யாரும் உங்கள் வண்டியை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியை அளந்தால், முழுச் சார்ஜ் இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கத்தில் காட்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் அநேகமாகத் தீர்ந்துவிட்டது, முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.5 முதல் 14.5 வரை வரவேண்டும், அது வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அங்கே எண் கொஞ்சம் ஏறி இறங்கும்).

இதெல்லாம் சரியாக இருந்தும் 'டக் டக்' நிற்கவில்லையா? பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். நீங்கள் அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள், அதாவது ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்பில் இல்லை, நடுவில் தெரியும் ஈயக் கம்பத்திலேயே. இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் வைத்து, கியர் நியூட்ரலில் இருக்க, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எர்த், அதாவது இன்ஜினிலிருந்து பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் பாதை, நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்கும் கீழேதான் காட்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்தப் பாதையிலேயே வீணாகிறது என்று அர்த்தம். இப்போது முனையைக் கம்பத்திலிருந்து கிளாம்புக்கு நகர்த்தி மறுபடியும் அளவு எடுங்கள்: எண் சட்டென்று குறைந்தால் கோளாறு கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த வெள்ளைப் பூப்பில் இருக்கிறது. நெகட்டிவ்வை முதலில் கழற்றி, இரண்டு டெர்மினலையும் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும். பாசிட்டிவ் பக்கத்தையும் இதே மாதிரி, பேட்டரிக் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் முனைக்கும் நடுவில் அளக்கலாம். இரண்டு பக்கமும் சுத்தம், செல்ஃப் அடிக்கும்போதும் பேட்டரி தாங்குகிறது என்றால் தைரியமாக மோட்டாரைக் கழற்றுங்கள்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0171 வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். விளக்கு மறுபடியும் எரிகிறது. ஸ்கேனர் தவறாகச் சொல்லுமா?

பதில்: ஸ்கேனர் சென்சாரை மாற்றச் சொல்லவே இல்லை. பி0 என்று தொடங்கும் கோடுகளுக்கு எந்த நிறுவனத்தின் காரானாலும் பொருள் ஒன்றுதான் (அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி 2 என்ற பொதுவான கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது, மற்ற நாடுகளும் பின்னால் வந்தன), பி1 என்று தொடங்குபவை அந்தந்த நிறுவனம் வைத்துக்கொண்டவை. பி0171 சொல்வது, எரிபொருளோடு ஒப்பிட்டால் காற்று அதிகமாக இருக்கிறது என்பதை மட்டும். அதற்குப் பல காரணம் இருக்கலாம்: எங்கோ ஒரு வேக்யூம் குழாய் (இன்ஜினின் உறிஞ்சு சக்தி போகும் ரப்பர் குழாய்) வெடித்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் இதைப் பார்த்துச் சொன்ன சாட்சி.

ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் என்று ஒரு எண் ஓடும், அதைப் பாருங்கள்: காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (-) என்று அது சொல்லும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, +20-க்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் +5 போல இறங்கிவிட்டால் வேக்யூம் கசிவைத் தேடுங்கள், ஏனென்றால் இன்ஜின் குறைவாகக் காற்று இழுக்கும்போதுதான் ஓட்டை வழியாக நுழையும் காற்றின் பங்கு பெரிதாக இருக்கும். மாறாக, ஐடிலில் சரியாக இருந்து மேடேறும்போது எண் ஏறினால் எரிபொருள் பக்கம் போங்கள். உங்கள் மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலில் ஒவ்வொரு கோடுக்கும் எதை முதலில் சோதிப்பது, எவ்வளவு வரவேண்டும் என்று வரிசையாக இருக்கும். இணையத்தில் யாராவது ஆலோசனை சொன்னால், அதில் அளவு இருக்கிறதா, எப்படிச் சோதித்தார் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'எனக்கு இதை மாற்றியதும் சரியாகிவிட்டது' என்பதை வைத்துக் காசு செலவழிக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் தொடவே கூடாத வேலைகள் எவை?

பதில்: ஏர்பேக். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர்கள், அவை உயிரை எடுக்கும் மின்னழுத்தம். அமுக்கி வைத்த சஸ்பென்ஷன் ஸ்பிரிங். பிரேக் வேலை கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் சில தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே சாலையில் ஓட்டுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொட்டிய கூலன்ட்டை உடனே துடைத்துவிடுங்கள்: அது தித்திக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகலாம்.

கேள்வி: செய்ததை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக. செய்த வேலையை எழுதுவதைவிட, வண்டி நன்றாக இருக்கும் நாளில் எண்களை எழுதி வைப்பது ரொம்ப முக்கியம்: பேட்டரி வோல்ட், ஐடிலில் ட்ரிம், இன்ஜின் சூடானதும் கூலன்ட் எத்தனை டிகிரி. கோளாறு வந்த பிறகு இந்த எண்களை எங்கே போய்த் தேடுவீர்கள்? இந்த வாரமே எடுத்துவிடுங்கள், அரை மணி நேரம் போதும்.