பி.எச்.சி. போஸ்டிங்கில் ஹவுஸ் சர்ஜன்கள் குடும்ப மருத்துவம் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது எம்.பி.பி.எஸ். பாடங்களை முடித்த பயிற்சி டாக்டராக இருக்கிறார். "ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) காய்ச்சல், சளி, சுகர் மாத்திரை தவிர வேறொன்றும் வருவதில்லை. அந்த நேரத்தில் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக்குப் படிக்கலாமே?" என்று கேட்கிறார். நான் மன்னார்குடிப் பக்கம் குடும்ப மருத்துவராக இருக்கிறேன், மாணவர்களும் வந்து உடன் உட்கார்ந்து பார்ப்பார்கள். தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம் தம்பி. ஆனால் போஸ்டிங் இப்போது போடப்படுகிற விதத்தில் பாதிதான் கைக்கு வரும்.

1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்கள் 1000 பேரில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் போகிறது. 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போவது ஒரே ஒருவர். நம் ஊரில் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதிகம், அதனால் எண்கள் மாறும். ஆனாலும் நாலரை வருடம் நாம் படிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி ஆளிடம்தான். மற்றவர்களை எங்கே பார்ப்பது?

வார்டுக்கு வருகிற நோயாளிக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் ஒட்டியாகிவிட்டிருக்கும். பி.எச்.சி.க்கு வருகிறவரிடம் அது இருக்காது. கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஒருவர் வயிற்று வலி, தொண்டையை அடைக்கிறது என்று வருவார். தூக்கத்தில் கடித்திருக்கும், வலியே தெரிந்திருக்காது, பல் தடமும் கண்ணில் படாது. "ராத்திரி எங்கே படுத்தீங்க, தரையிலயா?" என்று கேட்கத் தோன்ற வேண்டும், இமை சரிகிறதா என்று பார்க்கத் தோன்ற வேண்டும். கேஷுவாலிட்டிக்கு அதே ஆள் ரெஃபரல் சீட்டோடு பாம்புக்கடி என்று வந்து சேரும்போது, கடினமான பகுதியை வேறொருவர் முடித்திருப்பார். வயலும் வரப்புமான நம் டெல்டாவில் அந்த வேறொருவர் நீங்களாகத்தான் இருக்கப்போகிறீர்கள்.

"வெறும் சுகர் மாத்திரை" என்கிறீர்களே, அதற்கும் வருகிறேன். நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, மயக்கமாக வருகிறது என்று வந்தார். உடன் இருந்த மாணவி பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. ரத்தசோகையா, காது சம்பந்தமானதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேளும்மா" என்றேன். விடிவதற்குள் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். கஞ்சி குடிப்பது பத்து மணிக்கு மேல், கரையேறிய பிறகுதான். சர்க்கரை தாழ்ந்துபோய் வருகிற மயக்கம் அது. மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னோம், அளவையும் குறைத்தோம். அடுத்த வாரம் வந்து மயக்கம் இல்லை என்று அந்த மாணவியிடமே சொன்னார். அந்த இரண்டாவது வருகையைப் பார்க்காமல் போயிருந்தால் அவர் கற்றது வெறும் ஊகமாகவே நின்றிருக்கும்.

என் ஆதங்கமே இதில்தான். குடும்ப மருத்துவம் என்பதே திரும்பி வருகிற நோயாளியைச் சுற்றி நடக்கிற வைத்தியம். சுழற்சிப் போஸ்டிங்கோ மாணவரை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை எழுதுகிறார், அது வேலை செய்ததா என்று தெரிவதற்குள் அடுத்த யூனிட். மொத்தமாகச் சில வாரம் கொடுப்பதைவிட, மூன்றாம் வருடத்திலிருந்தே வாரத்தில் ஒரு நாள், அதே நிலையம், அதே டாக்டர், அதே கிராம சுகாதார செவிலியர் என்று கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் இதைவிடத் துணிந்து, சில மாணவர்களை ஒரு வருடம் முழுக்கக் கிராமப்புறக் குடும்ப மருத்துவர்களிடமே படிக்க அனுப்பியது. அவர்கள் பரீட்சையில் பின்தங்கவில்லை, நகர ஆஸ்பத்திரியில் படித்தவர்களைவிட நன்றாகவே எழுதினார்கள். இங்கும் 2022 முதல் மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் இருக்கிறது. சர்வே படிவம் நிரப்புவதோடு அது நின்றுவிடக் கூடாது. அந்த வீட்டுத் தாத்தாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் போஸ்டிங் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. நீட்டுக்குச் சாயங்காலம் படியுங்கள், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓ.பி.யில் வருகிற எல்லோரையும் பார்த்துத் தள்ள முயலாமல், காலையில் இரண்டு மூன்று பேரை மட்டும் முழுசாகப் பாருங்கள், மருத்துவ அலுவலரிடம் அன்றைக்கே அவர்களைப் பற்றிப் பேசிவிடுங்கள். சுகர், பிரஷர், கர்ப்பிணி, படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு முதியவர் என்று நாலைந்து பேரைத் தேர்ந்துகொண்டு, செவிலியர் அக்காவோடு அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள். மாத்திரை எங்கே இருக்கிறது, யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற ஹவுஸ் சர்ஜனை அவர்களிடம் நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். அப்புறம் மாதம் ஒரு போன் போட்டு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.