பத்தாம் வகுப்பு எழுத டுடோரியல் தேவையா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: "வயது 37. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பத்தாவது எழுத டுடோரியலில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். கணக்கு சுத்தமாக வராது. கட்டலாமா?"

கட்டாதீர்கள், அம்மா. பள்ளியில் சேராமல் நேரடியாக எழுதும் தனித்தேர்வருக்குப் பதினான்கரை வயது முடிந்திருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் இந்த வாரமே படித்த பள்ளியில் போய்க் கேளுங்கள். விண்ணப்பத்தை அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்தில் நீங்களே நேரில் போய்ப் பதியலாம். செலவு சில நூறு ரூபாய்தான்.

"பரீட்சையே வேண்டாம், சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்விப்படாத ஏதோ ஒரு 'போர்டு' பெயரில் காகிதம் வரும். வேலையில் சேர்ந்த பிறகு உண்மைத்தன்மை கேட்டு அனுப்புவார்கள். அப்போது வேலையும் போகும், வழக்கும் வரும். வாங்கிக் கொடுத்தவரின் போன் அணைந்திருக்கும்.

பலர் தவறவிடுவது அறிவியல் செய்முறை. எழுத்துத் தேர்வுக்குப் பல மாதம் முன்பே பதிந்து, பயிற்சி வகுப்புக்கு 80 சதவீதம் போயிருக்க வேண்டும். செய்முறைக்கு 25 மதிப்பெண், அதில் 15 எடுக்க வேண்டும். எழுத்தில் 75க்கு 20. முன்பே பத்தாவது எழுதி அறிவியலில் தவறியவர்கள் "நமக்கு இது இல்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். 2012க்கு முந்தைய பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களுக்கும் இது உண்டு. அப்போது செய்முறை கிடையாது என்பதால் இப்போது பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். அறிவியலில் அன்றே தேறியிருந்தால் மட்டும் இந்தக் கவலை இல்லை. நீங்கள் முதல் முறை எழுதுகிறீர்கள், அதனால் கட்டாயம் போக வேண்டும். செய்முறைக்குப் பதியச் சொல்லும் அறிவிப்பு நாளிதழில் நாலு வரியில் வந்து போய்விடுகிறது. ஷிப்டு பார்க்கிறவர் கண்ணில் அது எப்படிப் படும்? பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், மாறவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்கு. 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8. இதிலேயே 30 ஆகிறது. இரண்டு மதிப்பெண் வினாவில் மூன்று சரியாக வந்தால் கரை ஏறிவிடலாம். ஒரு காம்பஸும் வரைபடத் தாளும் வாங்கி, ராத்திரி ஒன்று வீதம் வட்டத்துக்குத் தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், இருபடிச் சமன்பாட்டு வரைபடம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் வாரம் பென்சில் வழுக்கும், கோடு கோணலாகப் போகும். அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.