யுகட்டான் மாயா கிளர்ச்சியாளர்களிடம் முறையான படையமைப்பு இருந்ததா, அல்லது அவர்கள் தலைமையற்ற கூட்டமா?

மெக்சிகோவின் தென்கிழக்கிலுள்ள யுகட்டானில் அரசை எதிர்த்துப் போரிட்டு, 1848-இல் அதன் தலைநகர் மெரிதாவை நெருங்கிய மாயாப் பூர்வகுடியினர், மழை தொடங்கியதும் மக்காச்சோளம் விதைக்க ஊர் திரும்பிவிட்டார்கள் என்ற கதையைப் படித்துவிட்டே இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் இப்போரைப் பற்றி நான் கட்டுரை வாசித்தபோதும், மூத்த உறுப்பினர் ஒருவர், "விதைக்கப் போனவர்களைப் படை என்று சொல்லலாமா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை. அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை.

அமைப்பு இருந்தது. 1839-இல் யுகட்டான் படை அதிகாரி சாந்தியாகோ இமான் மெக்சிகோவின் மத்திய அரசை எதிர்த்து எழுந்தபோது, தேவாலய வரியிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லி மாயா உழவர்களைத் தன் படையில் சேர்த்தார். துப்பாக்கியும் அணிவகுப்பும் அவ்வாறு பழகிய தலைமுறைதான், 1847 ஜூலையில் மாயாத் தலைவர் மானுவேல் அந்தோனியோ ஆய் அரசால் கொல்லப்பட்ட சில நாட்களில் தெபிச் ஊரில் போரைத் தொடங்கியது. கேப்டன், லெப்டினன்ட், சார்ஜென்ட் என்ற பதவிகளை யுகட்டான் படையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கம்பெனி எனும் படைப்பிரிவு ஊரையும் உறவையும் ஒட்டி அமைந்ததால், கேப்டனின் அதிகாரம் ஊராரின் சம்மதத்தில் நின்றது. வெடிமருந்து அண்டைப் பிரிட்டிஷ் குடியேற்றமான பெலிசின் ஆங்கிலேய வணிகர்களிடமிருந்து வந்தது; உணவோ பெரும்பாலும் வீரர்களின் சொந்த நிலத்திலிருந்தே வரவேண்டியிருந்தது. எனவே, பிற்காலத்தில் ஒரு தளபதியின் மகன் சொன்னதாக வந்த, ஆய்வாளர்கள் பலர் ஐயுறும் அந்தக் கதை உண்மையென்றே கொண்டாலும், விதைக்கப் போனதை ஒழுங்கின்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையான பலவீனம் தலைமையில் இருந்தது. 1848 ஏப்ரலில் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான ஹசிந்தோ பாத் யுகட்டான் அரசுடனான சுகாகாப் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு மாயாக்களின் ஆயுட்காலத் தலைவராக ஏற்கப்பட்டார். மற்றொரு தலைவரான செசிலியோ சீ அதை நிராகரித்தார். 1849 முடிவதற்குள் இருவரும் தம் தரப்பினராலேயே கொல்லப்பட்டார்கள்.

நான் கொலைகளை நியாயப்படுத்துவதாக யாரும் பின்னூட்டமிட வேண்டாம். 1858-இல் பகாலார் நகரைப் பிடித்தபின் கைதிகளைக் கொன்றதும் இதே படைதான். ஆனால் தங்கள் தலைநகரான சான் சாந்தா குரூசில் அவர்கள் கட்டியதைப் பாருங்கள். 1850-இல், கடவுளின் குரலில் பேசுவதாக நம்பப்பட்ட 'பேசும் சிலுவை'யின் வழிபாடு தோன்றியபின், அதன் காப்பாளரான தாத்திச், தளபதி, ஒற்றர் தலைவர் ஆகியோர் வெவ்வேறு பொறுப்புகளை ஏற்றார்கள். கம்பெனிகள் முறைவைத்து வந்து நகரைக் காத்தன. 1863-இல் தாத்திச் வெனான்சியோ புக்கைத் தளபதிகளே கொன்ற பிறகும் அந்தக் காவல் முறை நீடித்தது. இடையில் அரசுப் படைகள் நகருக்குள் புகுந்தாலும் தங்க முடியவில்லை. 1901 மே மாதத்தில்தான் மெக்சிகோ அரசின் தளபதி இக்னாசியோ பிராவோ அதைக் கைப்பற்றித் தன்வசம் வைத்துக்கொண்டார்.