மீசையில் மண் ஒட்டாத சமாதானம்

கேள்வி: சென்ற இதழில், வியட்நாமிலிருந்து அமெரிக்கா ‘தோற்று ஓடியது’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் முப்பது ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறேன். நிக்சன் படைகளைக் கௌரவமாகத்தான் திரும்ப அழைத்தார். உடன்படிக்கை போட்டார், போர்க்கைதிகளை மீட்டார். பிறகு பண உதவியை வெட்டிக் காரியத்தைக் கெடுத்தது அமெரிக்கக் காங்கிரஸ். தூபம் போட்டது தெருவில் கொடி பிடித்த கூட்டம். 2021இல் காபூலில் பைடன் செய்ததோடு ஒப்பிட்டால் கௌரவம் என்றால் என்னவென்று உங்களுக்கே புரியும். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போர்வீரனின் மானத்தைப் பற்றி எழுதுவது சுலபம், ஆசிரியரே.
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: ‘ஓடியது’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஓடவில்லை. நான்கு வருடம் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். என் புகாரே அதுதான்.

1968 ஆகஸ்டில் மயாமி மாநாட்டில் வேட்பாளராக நின்றபோதே வியட்நாம் போருக்குக் கௌரவமான முடிவு காண்பேன் என்று சொன்னவர் நிக்சன். 1969 ஜனவரியில் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றார். அப்போது அங்கே ஐந்து லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். ஜூன் மாதம் முதல் தவணையாக 25,000 பேரைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். ஆக, வெளியேறுவது என்று அப்போதே முடிவாகிவிட்டது. அந்தப் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் சுமார் 21,000 பேர் 1969 தொடங்கி இறந்தவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வியட்நாமியர், கம்போடியர், லாவோஸ்காரர் கணக்கை நான் இதில் சேர்க்கவில்லை. நீங்கள் அமெரிக்க வீரனின் மானத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், அதற்குள்ளேயே நின்று பேசுவோம்.

இந்த நான்கு வருடத்தில் வாங்கியது என்ன? நியாயமாகச் சொன்னால் ஒன்று உண்டு. அமெரிக்கா தாங்கிப்பிடித்த தென் வியட்நாமின் அதிபர் தியூ பதவி விலக வேண்டும் என்று கம்யூனிஸ்ட் வட வியட்நாமின் தலைமை, அதாவது ஹனாய், பிடிவாதமாக இருந்தது. 1972 அக்டோபரில் அதை விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு அமெரிக்கா விட்டுக்கொடுத்தது அதைவிடப் பெரியது. தெற்கே புகுந்திருந்த ஒன்றரை லட்சம் அளவிலான வட வியட்நாம் படை அங்கேயே இருந்துகொள்ளலாம் என்றானது. வீட்டுக்காரர் வீட்டிலேயே இருக்கலாம், கொள்ளைக்காரனும் கூடத்திலேயே இருக்கலாம், காவலுக்கு வந்தவன் மட்டும் கிளம்பிவிடுவான். தியூ இதற்கு ஒப்பவில்லை. எந்த அதிபர் ஒப்புவார்?

அக்டோபர் 26ஆம் தேதி ‘சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில்’ என்றார் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகரும் பேச்சுவார்த்தையை நடத்தியவருமான கிஸ்ஸிஞ்சர். நவம்பரில் தேர்தல் முடிந்தது. டிசம்பரில் பேச்சுவார்த்தை முறிந்து, 18ஆம் தேதி முதல் 29ஆம் தேதி வரை ஹனாய் மீதும் ஹைபோங் மீதும் பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. பாக் மாய் மருத்துவமனையும் தப்பவில்லை. இத்தனைக்கும் பிறகு 1973 ஜனவரி 27 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையை அக்டோபர் வரைவோடு வைத்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டும். கிஸ்ஸிஞ்சரின் உதவியாளராக இருந்த நெக்ரோபாண்டே சொன்னதாக ஒரு வாக்கியம் உண்டு: நம்முடைய விட்டுக்கொடுப்புகளை எதிரி ஏற்றுக்கொள்ளும்வரை அவன்மேல் குண்டு போட்டோம். கொடி பிடித்த கூட்டத்தில் ஒருவர் சொன்னதல்ல இது, பேச்சுவார்த்தைக் குழுவுக்குள் இருந்தவர் சொன்னது.

போர்க்கைதிகளை மீட்டதைச் சொல்கிறீர்கள். 591 பேர் திரும்பினார்கள். அந்தக் குடும்பங்களின் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த டிசம்பரின் பன்னிரண்டு நாளில் பதினைந்து பி-52கள் விழுந்தன. அவற்றில் இருந்தவர்களில் முப்பதுக்கும் அதிகமானோர் பிடிபட்டார்கள். கைதிகளை மீட்கப் போட்ட குண்டு, புதிய கைதிகளை உண்டாக்கியது. மீட்கப்பட்டவர்கள் கணக்கில் இவர்களும் சேர்ந்தார்கள்.

1973 ஜனவரி 23 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, ‘கௌரவத்துடன் கூடிய சமாதானம்’ வந்துவிட்டது என்று அறிவித்தார். (இந்தப் போரைப் பெரிதாக்கிய ஜான்சன் அதற்கு முதல் நாள்தான் செத்துப்போயிருந்தார். கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.) நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்போம்.

நான் கொச்சைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், அவர்களே பேசிக்கொண்டதைக் கேளுங்கள். வெள்ளை மாளிகையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்தவர் நிக்சன். அதில் 1972 ஆகஸ்ட் 3ஆம் தேதிப் பேச்சு இருக்கிறது. தென் வியட்நாம் எப்படியும் பிழைக்காது போலிருக்கிறதே என்கிறார் நிக்சன். ஓரிரண்டு வருடம் தாக்குப்பிடிக்கிற மாதிரி ஏதாவது ஏற்பாடு செய்தால் போதும், பிறகு ஒருவரும் கவலைப்படமாட்டார்கள் என்கிறார் கிஸ்ஸிஞ்சர். நாம் வெளியேறியதற்கும் அவர்கள் விழுவதற்கும் நடுவே ‘நாகரிகமான ஓர் இடைவெளி’ வேண்டும் என்பது அவர்கள் புழங்கிய சொல். கணக்குப் பிசகவில்லை. கடைசிப் படை 1973 மார்ச் 29 அன்று வெளியேறியது. 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது. இரண்டு வருடமும் ஒரு மாதமும்.

இனி உங்கள் முக்கியமான வாதம்: காங்கிரஸ் காலை வாரியது. பாதி உண்மை. 1975ஆம் நிதியாண்டுக்கு நூறு கோடி டாலர் வரை அனுமதித்த காங்கிரஸ், கொடுத்தது எழுபது கோடிதான். எண்ணெய் விலை ஏறிய காலத்தில் அது சைகோன் படைக்குப் பலத்த அடி. கடைசி நேரத்தில், நிக்சனுக்குப் பின் அதிபரான ஃபோர்டு கேட்ட 72 கோடி டாலர் ராணுவ உதவியையும் தரவில்லை. இதையெல்லாம் மறைக்க மாட்டேன். ஆனால் வடக்கு ஒப்பந்தத்தை மீறினால் முழுப் பலத்தோடு பதிலடி கொடுப்போம் என்று தியூவுக்கு நிக்சன் எழுதிக் கொடுத்தாரே, அந்தக் கடிதங்களை காங்கிரஸுக்குக் காட்டினாரா? இல்லை. அவை வெளியே வந்தபோது சைகோன் விழுந்துகொண்டிருந்தது. தனக்குத் தெரியவே தெரியாத ஒரு வாக்கை காங்கிரஸ் எப்படி மீறும்? அதே தியூவுக்கு 1973 ஜனவரி நடுவில் நிக்சன் எழுதிய இன்னொரு கடிதமும் இருக்கிறது: நீங்கள் வராவிட்டால் தனியாகவே கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று. இரண்டு கடிதத்துக்கும் நடுவே பத்துப் பதினோரு நாள்தான்.

நாற்காலி விஷயம். ஒப்புக்கொள்கிறேன், நான் நாற்காலிக்காரன்தான். சுழல் நாற்காலி, ஒரு சக்கரம் வேறு கழன்றுவிட்டது. ஆனால் போரை நிறுத்தச் சொன்ன செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் நாற்காலிக்காரர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பி-24 ஓட்டி 35 முறை குண்டுவீசப் போய்த் திரும்பியவர். 1971 முடிவதற்குள் படைகளைத் திரும்ப அழைக்க அவரும் செனட்டர் ஹாட்ஃபீல்டும் கொண்டுவந்த திருத்தம் 1970 செப்டம்பரில் 55–39 என்று தோற்றது. அன்று அவர் சக செனட்டர்களின் முகத்துக்கு நேரே, இந்த அவையே ரத்த வாடை அடிக்கிறது என்றார். ஒருவர் எழுந்து புண்பட்டுவிட்டதாகச் சொன்னாராம். பட வேண்டும் என்றுதான் சொன்னேன் என்றாராம் மெக்கவர்ன்.

மறு வருடம் ஏப்ரலில் நாடாளுமன்றக் கட்டடத்தின் எதிரே வேலிக்கு அப்பால் பதக்கங்களை வீசியெறிந்த நூற்றுக்கணக்கானவர்களும் வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய வீரர்களே. ஒரு தவறுக்காகச் சாகிற கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று செனட் குழுவில் கேட்ட, அவர்களில் ஒருவரான ஜான் கெரிக்கு அப்போது 27 வயது. பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டவனுக்கு மட்டும்தான் மானம், அதை வீசியவனுக்குக் கிடையாது என்று யார் தீர்ப்புச் சொன்னது?

தெருவில் இறங்கியவர்கள் எல்லாரும் புண்ணியவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கா எதிர்த்துப் போரிட்ட தென் வியட்நாம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங்கின் கொடியைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டனில் நடந்தவர்கள், மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுக் கதவருகே காத்திருந்த அம்மாவின் வயிற்றெரிச்சலைத்தான் கொட்டிக்கொண்டார்கள். நிக்சன் அதை அழகாகப் பயன்படுத்தினார். ‘மௌனமான பெரும்பான்மை’ என்று 1969 நவம்பரில் அவர் பெயர் சூட்டியது இந்த வீடுகளுக்குத்தான். கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை நான்கு மாணவர்களைச் சுட்டுக்கொன்ற நான்கே நாளில், நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் போர் எதிர்ப்பு மாணவர்களைத் தெருவில் அடித்தார்கள். அடித்தவர்களுக்கும் போர் பிடித்திருந்தது என்று சொல்லமுடியாது. 1971 வாக்கில் அமெரிக்கர்களில் பத்துக்கு ஆறு பேர் இந்தப் போரே தவறு என்று கருத்துக்கணிப்பில் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்ன அதே நாடு அடுத்த வருடம் 49 மாநிலங்களில் நிக்சனை ஜெயிக்க வைத்தது. எதிர்த்து நின்ற மெக்கவர்னுக்குக் கிடைத்தது மாசசூசெட்ஸும் தலைநகர் வட்டாரமும் மட்டுமே. போரை விட்டுவிட வேண்டும், ஆனால் விட்டதாகத் தெரியக் கூடாது. இந்த ஆசைக்குத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நிக்சன் அதை நிறைவேற்றிக் கொடுத்தார். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நானும் யோக்கியனில்லை.

மானத்தைப் பற்றித் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பில் பாய்ந்து முதுகில் வெளிவந்தது. புறப்புண் பட்டுவிட்டதே என்று நாணி, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் விட்டான். சரி. ஆனால் அவன் தன் மானத்துக்குத் தன் உயிரைக் கொடுத்தான். ஒஹையோவிலிருந்து கட்டாய ராணுவச் சேவைக்கு இழுத்துவரப்பட்ட இருபது வயதுப் பையன்களை வரிசையாக வடக்கே பார்த்து உட்காரவைக்கவில்லை.

நமக்கும் இதில் ஒரு சூடு உண்டு. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப் படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை நான் எப்படி வரவேற்பது என்பது அவர் நிலை. ராணுவத்தை அவமதித்துவிட்டார் என்று வடக்கே கொந்தளித்தார்கள், இங்கேயும் பலர் முகம் சுளித்தார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்திருந்தார்கள். 1987 தீபாவளியன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் சுடப்பட்ட நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் அதே மண்ணில்தான் கிடந்தார்கள். படையைப் போகச் சொல்லிக் கெடு வைத்தது, அந்தப் படையை வரவழைத்த அதே கொழும்பு. பிரேமதாசா 1989 ஜூலைக்குள் போய்விடச் சொன்னார். இந்தியா இன்னும் எட்டு மாதம் இழுத்தது. அந்த எட்டு மாதத்துக்கும் ‘கௌரவம்’ என்றுதான் பெயர். துறைமுகத்தில் நின்று கை தட்டியிருந்தாலும் தட்டாவிட்டாலும், அனுப்பியவர்கள் டெல்லியில் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டார்கள் என்பதே என் கட்சி. இறங்கி வந்த ஜவான்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

காபூல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்டில் விமான நிலைய வாசலில் நடந்தது கோரம். திட்டமிடாமல் விட்டது பைடனின் பொறுப்பு, சந்தேகமில்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்துப் போட்டபோது ஆப்கன் அரசு மேசையிலேயே இல்லை. நீங்கள் கௌரவம் என்று காட்டும் பாரிஸ் மேசையில் தியூவின் ஆட்களுக்கு நாற்காலியாவது இருந்தது. இரண்டு இடத்திலும் பேரம் முடிந்த பிறகுதான் உள்ளூர்க்காரருக்குத் தகவல் போனது. காபூலில் இடைவெளி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பாரிஸ் உடன்படிக்கைக்காக 1973இல் கிஸ்ஸிஞ்சருக்கும், எதிரே உட்கார்ந்து பேசிய வட வியட்நாமின் லே டக் தோவுக்கும் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். இன்னும் அமைதி வரவில்லையே என்று தோ வாங்க மறுத்துவிட்டார். கிஸ்ஸிஞ்சர் வாங்கிக்கொண்டார், சைகோன் விழுந்த பிறகு திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், நோபல் குழு ஏற்கவில்லை. தியூ 1975 ஏப்ரல் 21 அன்று தொலைக்காட்சியில் அமெரிக்காவைத் திட்டி அழுது பதவி விலகினார். தைவான், லண்டன் என்று அலைந்து கடைசியில் அமெரிக்காவிலேயே குடியேறினார். 2001இல் இறக்கும்வரை அங்கே அதிகம் பேசாமல் வாழ்ந்தார். எந்த மாநிலம் என்கிறீர்களா? மாசசூசெட்ஸ்.