8 வருட ஜெபமும் அன்னாளும்

சகோதரி, 8 வருடமாகக் குழந்தைக்காக ஜெபிக்கிறீர்கள். விசுவாசம் போதாததால்தான் தாமதம் என்று சபையில் ஒருவர் சொன்ன பிறகு ஜெபிக்கவே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். தன்னை வாட்டிய உபத்திரவத்தை 'மாம்சத்தில் ஒரு முள்' என்று சொன்ன அப்போஸ்தலன் பவுல், அது நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கர்த்தரிடமிருந்து வந்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்?

வேதாகமத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். அன்னாளும் உங்களைப் போலப் பிள்ளையில்லாமல் ஏங்கியவள். சக்களத்தி பெனின்னாள் வருஷாவருஷம் புண்படுத்தியதில் அன்னாள் சாப்பிடாமல் அழுதாள். சீலோவில் இருந்த கர்த்தருடைய ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தவளை, ஆசாரியனாகிய ஏலியே குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஆலயத்தில் இருப்பவர்களும் தவறாக எடைபோடுவார்கள் என்பது அன்றே நடந்திருக்கிறது. நான் திரும்பத் திரும்ப நிற்பது 18ஆம் வசனத்தில்தான்: அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகத்தில் துக்கம் இல்லை. அப்போது அவள் கருத்தரித்திருக்கவில்லை! கையில் இருந்தது "சமாதானத்துடனே போ" என்று ஏலி சொன்ன வார்த்தை மட்டும்.

வார்த்தை வராத நாளில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டிலேயே தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். கர்த்தரிடம் அப்படிக் கேட்பதும் ஜெபம்தான்.

மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. கணவரும் சேர்ந்தே பரிசோதனை செய்துகொள்ளட்டும். இந்த வருடமே பிள்ளை என்று தேதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை, சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். இன்றிரவு எங்கள் குடும்ப ஜெபத்தில் உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்கிறோம்.