அமெரிக்காவின் மொன்டானாவில் எப்போதாவது பிரெய்ரி நாய் (வளையில் வாழும், அணில் இனக் கொறிவிலங்கு) வேட்டைக்கு எந்தத் தோட்டா?

உங்கள் தூரம் 150 கெஜத்துக்குள் என்றால் .17 எச்.எம்.ஆர். என்ற சிறு தோட்டாவை வாங்குங்கள். 2002இல் வந்த இதன் 17 கிரெய்ன் (சுமார் 1.1 கிராம்) குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,550 அடி வேகத்தில் புறப்படுகிறது. 100 கெஜம் வரை குறியை உயர்த்திப் பிடிக்கத் தேவையே இல்லை. பின்னுதைப்பும் மிகக் குறைவு.

.22 எல்.ஆர். தோட்டா மலிவானதுதான். ஆனால் 75 கெஜத்தைத் தாண்டினால் குண்டு வேகமாகத் தாழ்கிறது. காயம்பட்ட விலங்கு வளைக்குள் போய்த் துடித்துச் சாகும். அதை என்னால் ஏற்க முடியாது. மேலும், அந்த மெதுவான ஈயக்குண்டு கல்லில் பட்டுத் தெறிக்கும். அருகே மாடு மேய்ந்தால் ஆபத்து.

.17க்கு எதிரி காற்று. அவ்வளவு இலேசான குண்டைப் பக்கக்காற்று எளிதில் தள்ளிவிடும். அந்தச் சமவெளியில் காற்று ஓய்வது அரிது என்பதால், 200 கெஜமும் அதற்கு மேலும் சுட நினைப்பவர் அதைவிடப் பெரிய .223 ரெமிங்டன் தோட்டாவுக்கே போகலாம். சத்தம் அதிகம், செலவும் கூடும். ஆனால் சுட்ட பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். .17இல் அது முடியாது.